திவானுல் ஜுந்த்: படைவீரனுக்குச் சமுதாயம் பட்டிருக்கும் கடன்

படைவீரனைப் புகழாத சமுதாயம் உலகில் இல்லை. எனினும் போர்க்காலத்துப் புகழுரைகளைக் கொண்டு ஒரு சமுதாயத்தின் நேர்மையை அளந்துவிட முடியாது. படையில் யார் சேர்த்துக்கொள்ளப்படுகிறார், யார் ஒதுக்கப்படுகிறார், ஒரே களத்தில் நின்று போரிட்ட இருவருக்கு ஒரே ஊதியம் கிடைக்கிறதா, கையோ காலோ இழந்தவனும் மாண்டவனின் மனைவி மக்களும் பின்னர் எதைக் கொண்டு வாழ்கின்றனர் ஆகிய வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே அதன் உண்மை நிலையைக் காட்டுவன. இவ்வினாக்கள் இக்காலத்தில் தோன்றியவை அல்ல. இஸ்லாமிய ஆட்சியின் முதல் இரு நூற்றாண்டுகளில் இவை மிகக் கூர்மையாக எழுந்தன. பேரரசு ஒன்றின் வீழ்ச்சிக்கே காரணங்களுள் ஒன்றாயின. பின்னர் ஃபிக்ஹு நூல்களில் தனி அத்தியாயமாகவும் இடம்பெற்றன. ‘திவானுல் ஜுந்த்’ எனும் படைப் பதிவேட்டின் வரலாற்றை முன்வைத்து இப்பொருளைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பதிவேட்டின் தோற்றம்

‘திவான்’ என்னும் சொல் நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை, திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களின் தலைமை அமைச்சரை அப்பெயராலேயே நம் முன்னோர் அழைத்து வந்தனர். பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த இச்சொல் முதலில் பதிவேட்டையும், பின்னர் அது பேணப்பட்ட அலுவலகத்தையும், இறுதியாக அதன் அதிகாரியையும் குறிக்கலாயிற்று.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (ஹிஜ்ரி 13–23 / கி.பி. 634–644) இராக்கும் ஷாமும் எகிப்தும் வெற்றி கொள்ளப்பட்டபோது பைத்துல் மாலுக்கு வந்து சேர்ந்த வருவாய் அதற்கு முன்னர் அரபியர் கண்டிராததாயிருந்தது. பஹ்ரைனிலிருந்து அபூஹுரைரா (ரலி) அவர்கள் ஐந்து இலட்சம் திர்ஹம் கொண்டுவந்தபோது, அத்தொகை எவ்வளவு என்பதைத் தாம் உணர்ந்துதான் சொல்கிறாரா எனக் கலீபா ஐயுற்று மீண்டும் மீண்டும் வினவியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. செல்வத்தை அவ்வப்போது பகிர்ந்துவிடலாம் என்பது அலி (ரலி) அவர்களின் ஆலோசனை. பெற்றவர் யார், பெறாதவர் யார் எனக் கணக்கிடாவிடில் குழப்பம் விளையும் என்பது உஸ்மான் (ரலி) அவர்களின் கருத்து. ஷாம் நாட்டு மன்னர்கள் பதிவேடு வைத்துப் படை திரட்டுவதைத் தாம் கண்டதாக மற்றொருவர் எடுத்துரைத்தார். இறுதியில் பதிவேடு ஒன்றை அமைக்க முடிவாயிற்று. இது ஹிஜ்ரி 15-இல் நிகழ்ந்ததென்றும் 20-இல் நிகழ்ந்ததென்றும் இருவகை அறிவிப்புகள் உள்ளன.

குறைஷியரின் வம்சாவளியை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரும் எழுதும் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் கலீபாவின் குலத்தை முன்னே எழுதிக் கொண்டுவந்தபோது உமர் (ரலி) அதனை ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் குடும்பத்திலிருந்து தொடங்கி, அவர்களுக்கு நெருக்கமானோரை வரிசைப்படுத்தி, தம் குலத்தை அவ்வரிசையில் அதற்குரிய இடத்தில் வைக்குமாறு பணித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ்வுக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களை விடக் குறைவாகவே நிர்ணயித்தார்கள். மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவும் அவர் தந்தையும் அல்லாஹ்வின் தூதருக்கு உன்னையும் உன் தந்தையையும் விட நேசத்திற்குரியோராயிருந்தனர் என்ற கருத்தில் விடையளித்தார்கள். உஸாமா, விடுதலை பெற்ற அடிமையின் மகன் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

சமமா, தரவரிசையா?

இப்பதிவேட்டில் இடம்பெற்றோருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட தொகை ‘அதாஃ’ எனப்பட்டது. உணவுக்கென மாதந்தோறும் அளந்து கொடுக்கப்பட்ட தானியம் ‘ரிஸ்க்’ எனப்பட்டது. அறிவிப்புகளில் தொகைகள் சற்று வேறுபடினும் அமைப்பு தெளிவானது. பத்ரில் கலந்துகொண்டோருக்கு 5,000 திர்ஹம். அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தோருக்கு 4,000. மக்கா வெற்றிக்கு முன் ஹிஜ்ரத் செய்தோருக்கு 3,000. பின்னர் இஸ்லாத்தை ஏற்றோருக்கு 2,000. அதன்பின் படைக்கு வந்தோருக்குப் படிப்படியாகக் குறைந்து சில நூறு திர்ஹம் வரை. நபி (ஸல்) அவர்களின் துணைவியருக்கு இவையனைத்தினும் மேலான தொகை வழங்கப்பட்டது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் நடைமுறை இதற்கு மாறானது. அவர்கள் வந்ததை அனைவருக்கும் சமமாகவே பங்கிட்டார்கள். மார்க்கத்தில் முந்தியவர்களைப் பிந்தியவர்களோடு சமப்படுத்துவதா எனக் கேட்கப்பட்டபோது, அவர்களின் தியாகத்திற்குரிய கூலி அல்லாஹ்விடம் உள்ளது, இதுவோ வாழ்க்கைச் செலவு, வாழ்க்கைச் செலவில் சமத்துவமே மேலானது என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, நபியவர்களை எதிர்த்துப் போரிட்டவரையும் நபியவர்களோடு நின்று போரிட்டவரையும் ஒன்றாக்க இயலாது என்றார்கள்.

இரு நிலைப்பாடுகளுக்கும் வலுவான நியாயம் உண்டு. ஒன்று தேவையைப் பார்க்கிறது. மற்றொன்று தொண்டைப் பார்க்கிறது. பத்ரில் 313 பேராக நின்றோர் எதிர்கொண்ட ஆபத்தும், பேரரசு உருவான பின் படையில் சேர்ந்தோர் எதிர்கொண்ட ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் வயிறு இருவருக்கும் ஒன்றே. உமர் (ரலி) அவர்கள் தம் இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டுவரை உயிரோடிருந்தால் கடைசி மக்களையும் முதல் மக்களோடு சேர்த்துச் சமமாக்கிவிடுவேன் எனக் கூறியதாக இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ‘கிதாபுல் கராஜி’லும், அபூஉபைத் (ரஹ்) ‘கிதாபுல் அம்வாலி’லும் பதிவு செய்துள்ளனர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள். பின்னர் அலி (ரலி) அவர்கள் தம் கிலாஃபத்தில் சமப் பங்கீட்டுக்கே திரும்பினார்கள்.

இக்கருத்து வேறுபாடு மத்ஹபுகளிலும் தொடர்ந்தது. இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் சமத்துவத்தையும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் இராக்கின் ஃபுகஹாக்களும் தரவரிசையையும் ஏற்றதாக மாவர்தி குறிப்பிடுகிறார். ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் அருகருகே வழங்கும் நம் ஊர்களில், வுளூவிலும் தொழுகையிலும் உள்ள வேறுபாடுகளை அறிந்த அளவுக்குப் பொருளாதார நீதி பற்றிய இத்தகு வேறுபாடுகள் அறியப்படவில்லை.

வீரனும் அவன் வீடும்

வீரன் தனி மனிதனல்லன், ஒரு குடும்பத்தின் தூண் என்னும் உணர்வு இப்பதிவேட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கு 100 திர்ஹம் என முதலில் நிர்ணயிக்கப்பட்டது. ஒருநாள் இரவு, மதீனாவின் எல்லையில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாக கலீபா நின்றபோது, குழந்தையொன்று ஓயாது அழுவதைக் கேட்டார்கள். பால்குடி மறந்தாலன்றி மானியம் இல்லை என்பதால் தன் குழந்தையின் பாலை உரிய காலத்திற்கு முன்பே நிறுத்த முயல்வதாகத் தாய் கூறினாள். தம்மிடம் பேசுபவர் யாரென அவள் அறிந்திருக்கவில்லை. அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீபாவின் ஓதல் அழுகையால் தெளிவற்றுப் போயிற்று என்கின்றனர் வரலாற்றாசிரியர்கள். பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டென உடனே அறிவிக்கப்பட்டது. நன்னோக்கில் இயற்றப்பட்ட ஒரு விதி, தான் காக்க நினைத்தவரையே எவ்வாறு வருத்தக்கூடும் என்பதற்கும், தவறு தெரிந்தபின் அதனைத் திருத்த ஓரிரவுக்கு மேல் தேவையில்லை என்பதற்கும் இது சான்றாகும்.

போருக்குச் சென்ற கணவனின் நெடும்பிரிவால் வருந்திய பெண்ணொருத்தியின் புலம்பலை இரவில் செவியுற்ற கலீபா, தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எத்துணைக் காலம் பொறுத்திருப்பாள் எனக் கேட்டறிந்து, அதற்கு மேல் வீரரை எல்லையில் நிறுத்தி வைக்கலாகாதெனத் தளபதிகளுக்கு எழுதினார்கள். அக்காலம் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிக்கப்படுகிறது. வீரரை வீடு திரும்ப விடாமல் களத்திலேயே தேக்கி வைப்பதற்கு அரபியில் ‘தஜ்மீர்’ என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் அதனை வெறுத்துத் தடுத்தார்கள். பிற்காலத்தில் உமய்யா ஆளுநர்களுக்கு எதிராகப் படையினர் கிளர்ந்தபோது அவர்களின் முறையீடுகளில் இத்தஜ்மீரும் ஒன்றாக இருந்தது.

இதே உணர்வின் தொடர்ச்சியை உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் காண்கிறோம். கான்ஸ்டாண்டிநோபிளில் சிறைப்பட்டிருந்த முஸ்லிம் வீரர்களுக்குக் கடிதமும் பொருளும் அனுப்பி, அவர்களின் குடும்பங்கள் மறக்கப்படவில்லை என்பதை அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

பதிவேட்டுக்கு வெளியே நின்றோர்

இனி இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். அரபியரல்லாதோர் இஸ்லாத்தை ஏற்றபோது ஏதேனும் ஓர் அரபுக் குலத்தோடு இணைக்கப்பட்டு ‘மவாலி’ எனப்பட்டனர். பத்ரில் கலந்துகொண்ட மவாலிகளுக்கு அரபியருக்குரிய அதே தொகையையே உமர் (ரலி) வழங்கினார்கள். விடுதலை பெற்று இஸ்லாத்தை ஏற்றோரை அவர்களின் பழைய எசமானர்களோடு சமமாகப் பதியுமாறு தளபதிகளுக்கு எழுதினார்கள். அரபியருக்குக் கொடுத்து மவாலிகளை விட்டுவிட்ட அதிகாரி ஒருவரை, தன் முஸ்லிம் சகோதரனை இழிவாகக் கருதுவதே ஒருவனின் தீமைக்குப் போதுமான சான்று என்னும் பொருள்பட எழுதிக் கண்டித்தார்கள். பாரசீகக் குதிரைப் படையினரான ‘அஸாவிரா’ முஸ்லிம்களோடு சேர்ந்தபோது அவர்களுட் சிலருக்கு உயர்ந்த மானியம் வழங்கப்பட்டது.

உமய்யாக்கள் காலத்தில் இந்நிலை மாறிற்று. பதிவேடு அரபுக் குலங்களின் தனியுரிமையாயிற்று. மவாலிகள் பெரும்பாலும் காலாட்களாகவே போரிட்டனர். பலர் பதிவேட்டில் இடம்பெறவில்லை. ஹிஜ்ரி 66–67-இல் கூஃபாவில் முக்தார் மவாலிகளுக்கும் பங்களித்தபோது, தங்கள் உரிமை பறிபோனதாக அரபுத் தலைவர்கள் அவருக்கு எதிராகத் திரண்டனர். ஹிஜ்ரி 80-களில் இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சியை அடக்கிய ஹஜ்ஜாஜ், நகரங்களில் குடியேறியிருந்த மவாலிகளை அவர்களின் கிராமங்களுக்கே விரட்டினார்.

இவ்வநீதியின் அளவை ஹிஜ்ரி 100-இல் (கி.பி. 718–719) நிகழ்ந்த ஒரு முறையீடு புலப்படுத்துகிறது. குராஸானிலிருந்து தூதுக்குழு ஒன்று உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் வந்தது. அரபியர் இருவர் பேச, மூன்றாமவர் வாய் திறவாது அமர்ந்திருந்தார். அவர் மவாலிகளைச் சேர்ந்த அபுஸ்ஸைதா. கலீபா அவரைப் பேசுமாறு கேட்டபோது, இருபதாயிரம் மவாலிகள் அதாஃவும் ரிஸ்க்கும் இன்றிப் போரிடுகின்றனர் என்றும், அதேயளவினர் இஸ்லாத்தை ஏற்ற பின்னும் ஜிஸ்யா செலுத்துமாறு கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்றும், ஆளுநர் தம் குலத்தாரையே உயர்வாகக் கருதுகிறார் என்றும் அவர் கூறினார். இச்செய்தியை இமாம் தபரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். கலீபா ஆளுநர் ஜர்ராஹைப் பதவி நீக்கினார்கள். இஸ்லாத்தை ஏற்றோர் மீதான வரி நீக்கப்பட்டு அவர்களுக்கு மானியமும் நிர்ணயிக்கப்பட்டதாக பலாதுரீ எழுதுகிறார்.

இச்செய்தியில் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். முறையிட்டவர் போரை மறுக்கவில்லை. உயிர் கொடுக்க ஆயத்தமாயிருந்த மக்கள், தங்கள் பெயர் எழுதப்படாததையே முறையிட்டனர். பெயர் எழுதப்படாதவனுக்கு ஊதியம் இல்லை. ஊனமுற்றால் உதவி இல்லை. இறந்தால் அவன் பிள்ளைகளுக்கு உரிமை கோர ஆவணமும் இல்லை.

நீதி நிலைக்கவில்லை. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) ஹிஜ்ரி 101-இல் மறைந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் ஸமர்கந்துப் பகுதியில் புதிய முஸ்லிம்களிடம் வரி தளர்த்தப்பட்டு, வருவாய் குறைந்ததும் மீண்டும் விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்த அதே அபுஸ்ஸைதா சிறையிலடைக்கப்பட்டார். ஹிஜ்ரி 129-இல் (கி.பி. 747) அதே குராஸானில் அபூமுஸ்லிம் கருங்கொடி உயர்த்தினார். தம் படையினரைப் பதியும்போது குலப்பெயரால் அல்லாமல் அவரவர் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றால் எழுதுமாறு அவர் பணித்தார். குலத்தை நீக்கி ஊரை எழுதியதில் ஒரு பெரும் மாற்றம் அடங்கியிருந்தது. அரபியனும் மவ்லாவும் ஒரே பக்கத்தில் ஒரே முறையில் இடம்பெற்றனர். மூன்றாண்டுகளில் உமய்யா ஆட்சி முடிவுற்றது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் மனக்குமுறல் அவற்றுள் சிறியதன்று.

ஆயினும் சக்கரம் மறுபுறமும் சுழன்றது. ஹிஜ்ரி 218-இல் (கி.பி. 833) அப்பாஸியக் கலீபா முஃதஸிம், எகிப்தின் அரபியரைப் பதிவேட்டிலிருந்து நீக்கி அவர்களின் மானியத்தை நிறுத்துமாறு ஆணையிட்டார். துருக்கிய வீரர்கள் அவரது படையின் முதுகெலும்பாயினர். தலைமுறைகளாகப் படைத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே ஆணையால் தம் வாழ்வாதாரத்தை இழந்தன. அநீதி எப்பொழுதும் ஓர் இனத்தின் மீதே இழைக்கப்படும் என எண்ணுவது பிழை. அதிகாரத்தின் தேவை மாறும்போது அதன் இலக்கும் மாறுகிறது.

மாவர்தி வகுத்த விதிகள்

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் திவான் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பதிவேட்டில் சேர்க்கப்படுவோருக்குப் பருவ வயது, சுதந்திர நிலை, இஸ்லாம், போரிடத் தடையான உடற்குறைகள் இன்மை, துணிவும் போரறிவும் ஆகிய ஐந்து நிபந்தனைகளை அவர் கூறுகிறார். வீரனின் வயது, உயரம், நிறம், முக அடையாளம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும் என்கிறார். பெயர் ஒத்தோரிடையே குழப்பம் நேராதிருக்கவே இவ்வேற்பாடு.

ஊதியத்தின் அளவுகோல் ‘கிஃபாயா’, அதாவது வேறு தொழிலை நாடாது வாழப் போதுமான அளவு. அதனைக் கணக்கிட மூன்றைப் பார்க்க வேண்டும்: அவனைச் சார்ந்து வாழ்வோரின் எண்ணிக்கை, அவன் வைத்திருக்கும் குதிரைகளும் பிற ஊர்திகளும், அவன் வாழும் ஊரின் விலைவாசி. நிலைமை மாறினால் ஆண்டுதோறும் கணக்கையும் மாற்ற வேண்டும். குறித்த காலத்தில் ஊதியம் தரப்படாவிடில், பைத்துல் மாலில் பொருள் இருக்கும்போது, கடன்காரனிடம் கடனைக் கேட்பது போல் அதனைக் கேட்க வீரனுக்கு உரிமையுண்டு. போரில் அவனது குதிரை மாண்டாலோ ஆயுதம் அழிந்தாலோ ஈடு செய்யப்பட வேண்டும். அவன் இறந்தால், அதுவரை சேர வேண்டிய ஊதியம் வாரிசுகளுக்குக் கடனாகச் சேரும்.

இதன் பின்னரே நம் பொருளுக்கு நடுநாயகமான வினா வருகிறது. இறந்த வீரனின் பிள்ளைகளுக்குப் படை நிதியிலிருந்து தொடர்ந்து வழங்க வேண்டுமா? தீரா ஊனமுற்றவனுக்கு ஊதியம் தொடருமா? இரண்டிலும் சட்ட அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஊதியம் பணிக்கானது, பணி நின்றதால் அதுவும் நிற்கும், பிள்ளைகள் வறியோராயின் உஷ்ர், ஸகாத் நிதியிலிருந்து பெறுவர் என்பது ஒரு கருத்து. ஊதியம் தொடர வேண்டும், ஏனெனில் தனக்குப் பின் தன் குடும்பம் கைவிடப்படாது என்னும் உறுதி இருந்தாலன்றி எவனும் மனமுவந்து முன்னேறான் என்பது மற்றொன்று.

இவ்விரண்டுக்குமிடையே உள்ள தூரம் பெரிது. முதற் கருத்தின்படி வீரனின் மகன் ஏழையாகக் கையேந்துகிறான். இரண்டாம் கருத்தின்படி உரிமையாளனாகப் பெறுகிறான். பெறும் தொகை ஒன்றாகவே இருப்பினும் பெறும் நிலை வேறு. முதுமையில் இரந்து நின்ற யூதர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது எனக் கூறி, பைத்துல் மாலிலிருந்து அவருக்கு வழங்கப் பணித்த வரலாறு யாவரும் அறிந்ததே. வரி செலுத்தியவரின் முதுமைக்கே இக்கடப்பாடு உண்டெனில், குருதி செலுத்தியவனின் முதுமைக்கு அது இன்னும் வலுவானதன்றோ?

மாவர்தியின் வரைவிலும் குறையில்லாமலில்லை. பதிவு வரிசையில் அரபியரைக் குலத்தாலும் மற்றோரை இனத்தாலோ நாட்டாலோ வரிசைப்படுத்தும் முறையை அவர் அப்படியே தருகிறார். குராஸானியரின் முறையீட்டுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பிறப்பின் சுவடு பதிவேட்டிலிருந்து முற்றாக அழியவில்லை என்பதை இது காட்டுகிறது.

நம் காலத்தில்

இவை பழங்கதைகள் எனத் தள்ளத் தக்கவையல்ல. அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, செனகல் முதலிய நாடுகளின் முஸ்லிம்கள் இரு உலகப் போர்களிலும் பிரான்சின் படையில் பெருந்தொகையினராகப் போரிட்டனர். 1944 டிசம்பர் 1 அன்று செனகலின் தியாரோய் முகாமில், ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்டு வந்து தங்கள் நிலுவை ஊதியத்தைக் கேட்ட ஆப்பிரிக்க வீரர்கள் மீது பிரெஞ்சுப் படையே துப்பாக்கிச் சூடு நடத்தியது. 1959 டிசம்பரில் இயற்றப்பட்ட பிரெஞ்சுச் சட்டம், விடுதலை பெற்ற நாடுகளின் முன்னாள் வீரர்களது ஓய்வூதியத்தை அன்றைய அளவிலேயே உறையவைத்தது. ஒரே அகழியில் நின்றவர்களுள் பிரெஞ்சுக் குடிமகனின் ஓய்வூதியம் விலைவாசியோடு உயர, மற்றவனுடையது பல்லாண்டுகள் அசையாது நின்றது. 2010 மே 28-இல் பிரான்சின் அரசியல் சாசன மன்றம் இப்பாகுபாடு சமத்துவத்திற்கு முரணானதெனத் தீர்ப்பளித்தபோது, அவர்களுட் பெரும்பாலோர் மண்ணுக்குள் சென்றுவிட்டிருந்தனர். இருபதாயிரம் மவாலிகளின் முறையீடும் இதுவும் ஒன்றே.

நம் நாட்டிலும் வினா ஓயவில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம், இளைஞரை நான்காண்டுகளுக்குச் சேர்த்து, அவர்களுள் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிலைப்படுத்தி, எஞ்சியோரை ஓய்வூதியமின்றி ஒரு மொத்தத் தொகையுடன் அனுப்பும் முறையை வகுத்தது. படை இளமையாக இருக்க வேண்டும் என்பதும் அரசின் செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். அவற்றை எடைபோடுவது வல்லுநர் வேலை. எனினும் மாவர்தியின் மூன்று அளவுகோல்களை, அதாவது சார்ந்திருப்போர், கருவிச் செலவு, விலைவாசி ஆகியவற்றை முன்வைத்து அத்தொகையை நோக்குவது எவர்க்கும் இயலும். வாழ்வின் வலிமை மிக்க ஆண்டுகளைக் கொடுத்தவன் எஞ்சிய ஆண்டுகளில் எந்நிலையில் நிற்பான் என்பதே கிஃபாயா எழுப்பும் வினா.

படைவீரனுக்கு வழங்கப்படுவது கொடையா, கடனா என்பதே இவ்வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்கும் கேள்வி. கொடையெனின் கொடுப்பவர் விரும்பியவருக்கு விரும்பியவாறு கொடுக்கலாம். குலம் பார்க்கலாம், நாடு பார்க்கலாம், நிறுத்தவும் செய்யலாம். கடனெனின் பெயர் எழுதப்பட வேண்டும். கணக்கு இருக்க வேண்டும். கடன்பட்டவரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. ஃபிக்ஹு நூல்கள் அதனைக் கடன் என்றே பெயரிட்டன. பெயரிட்டவாறே அதனைச் செலுத்திய ஆட்சிகளும் உண்டு, செலுத்தாது அழிந்த ஆட்சிகளும் உண்டு. இவ்விரண்டையும் மறைக்காமல் கற்பதே நம் மாணவர்களுக்கும் நமக்கும் பயன் தரும்.